மலை ஜீப்புகளில் கழற்றப்படும் சாமான்கள்: இதையும் வாகனத் திருட்டாகவே பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஃபோர்வீல் ஜீப் ஒன்றை 22 ஆண்டுகளாகச் சொந்தமாக வைத்து ஓட்டிவருகிறேன். வண்டியே திருடு போவதைப் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, அதில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும் சாமான்கள் மட்டும் இரவோடு இரவாகக் கழற்றிச் செல்லப்படுவதைப் பற்றி யாரும் எழுதக் காணோம். ஸ்டெப்னி, மஞ்சள் லைட், பேட்டரி, வின்ச், ஜாக்கி, பின்புறம் மாட்டும் டீசல் கேன் என்று மலைக்குப் போகும் வண்டிகளில் கழற்றக்கூடியவை எல்லாம் போய்க்கொண்டிருக்கின்றன. இந்தத் திருட்டைக் காவல்துறையும், பழைய பொருள் கடைகளும், வண்டி வைத்திருக்கும் நாங்களும் மிகச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம் என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இவற்றை அலங்காரச் சாமான்கள் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலை 85இல் போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் மழைக்காலத்து மூடுபனி இறங்கிவிட்டால், வண்டியின் சொந்த ஹெட்லைட் போடும் வெளிச்சம் பனியில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பிவிடும். பம்பரை ஒட்டித் தாழ்வாக மாட்டிய மஞ்சள் லைட்தான் சாலையின் விளிம்பைக் காட்டும். தார்ச்சாலையிலிருந்து தோட்டத்துக்குள் பிரிந்து இறங்கும் மண் தடத்தில் டயர் புதைந்தால், மரத்தில் கயிற்றைக் கட்டி இழுத்து வெளியேற வின்ச் வேண்டும். கூரான கல் குத்தி டயர் போனால் அருகில் பஞ்சர் கடை கிடையாது, ஸ்டெப்னி ஒன்றுதான் கதி. கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் ஜீப்புகளுக்கும் இதே நிலைதான். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு வண்டி மலையேற முடியாது.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு என் வீட்டு வாசலில் நின்ற வண்டியை எடுக்கப் போனேன். பின்கதவின் ஸ்டாண்டில் ஸ்டெப்னி இல்லை. அதைப் பிடித்திருந்த மூன்று நட்டுகளில் இரண்டு வண்டிக்கு அடியிலேயே கிடந்தன. மூன்றாவது, வெளிச்சம் வந்த பிறகும் கிடைக்கவில்லை. முன்பக்கம் வந்து பார்த்தால் இரண்டு மஞ்சள் லைட்டுகளும் போயிருந்தன. வயரைக் கட்டிங் பிளையரால் ஒரே வெட்டாக வெட்டியிருந்ததில், விரல் நீளத்துக்குச் செம்புக் கம்பி மட்டும் பம்பருக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்கு வண்டிக்காகக் காத்திருந்த பெண்கள் ஒன்பது பேரும் தூக்குவாளியுடன் நின்றார்கள். மெட்டில் அன்று கடும் பனி. எப்படியாவது போய்விடலாம் என்றுதான் நான் சொன்னேன். அவர்களில் மூத்தவரான ஒரு அம்மா, "அண்ணே, மஞ்ச லைட்டு இல்லாம மெட்டு ஏற வேணாம்ணே, ஒரு நாள் கூலிதானே, போனாப் போகுது" என்று சொல்லிவிட்டு மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். அந்த ஒரு நாள் கூலி அவர்கள் வீட்டில் எதற்கெல்லாம் கணக்கு வைத்திருந்த பணம் என்பது எனக்குத் தெரியும். திருடன் கொண்டுபோனதில் அந்த ஒன்பது பேரின் கூலியும் அடங்கும்.

காலையில் ஒரு காவல் நிலையத்துக்குப் போய் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யாமல் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றை மட்டும் கொடுத்து, பொருள் கிடைத்தால் சொல்லி அனுப்புவதாகக் கூறினார்கள். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. இதே அனுபவம் எங்கள் ஜீப் நிறுத்தத்தில் இன்னும் சிலருக்கு உண்டு. அதற்குப் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில் சாதாரணத் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் திருடு போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால், அந்தப் பிரிவின் கீழ் அது நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல்துறை புலனாய்வு செய்ய முடியாத குற்றமாகிவிடுகிறது. பழைய லைட் இரண்டு, தேய்ந்த டயர் ஒன்று என்று மதிப்பைக் குறைத்து எழுதிவிட்டால் புகார் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். இதே சட்டத்தின் 305ஆம் பிரிவு, பயணிகளையோ சரக்கையோ ஏற்றும் வாகனத்திலிருந்து ஒரு பொருளைத் திருடுவதைத் தனியாக எடுத்துச் சொல்லி, அதற்கு ஏழு ஆண்டு வரை தண்டனை விதிக்கிறது. அங்கே 5,000 ரூபாய் என்ற வரம்பு இல்லை. மஞ்சள் போர்டு மாட்டி ஆளேற்றும் ஜீப்பின் ஸ்டெப்னி அந்தப் பிரிவுக்குள் வரும் என்றுதான் அந்த வழக்கறிஞரும் சொன்னார், எனக்கும் அப்படியே தோன்றுகிறது. நடுவரின் உத்தரவு இல்லாமலே காவல்துறை புலனாய்வு செய்யக்கூடிய குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே எங்களுக்குத் தர வேண்டியது முதல் தகவல் அறிக்கையின் நகல். அதை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

எங்களுக்கென்று தனியாக ஒரு சிக்கலும் உண்டு. வண்டி பகலில் கேரளத்தில் நிற்கிறது, இரவில் தமிழ்நாட்டில் நிற்கிறது. சில நாட்களில் தோட்டத்திலேயே தங்க வேண்டியும் வரும். எங்கே கழற்றினார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில், இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் போய்க் கொடுங்கள் என்கிறார்கள், அந்தப் பக்கத்தில் இதையே திருப்பிச் சொல்கிறார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பெற்றுக்கொள்ள வேண்டும். மின்னணு முறையிலும் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் நேரில் வந்து கையெழுத்திட்டால் போதும். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதவும் அதே பிரிவு வழி வைத்திருக்கிறது. வண்டிக்காரர்களில் பலருக்கு இது தெரியாது. எனக்கும் பொருள் போன பிறகுதான் தெரிந்தது.

காவல்துறையை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள விரும்பவில்லை. திருடனுக்கு வேலையை எளிதாக்கி வைத்திருப்பவர்கள் நாங்களும்தான். ஒரே கம்பெனி ஜீப்புகளில் ஸ்டெப்னிக்கு ஒரே அளவு நட்டு. ஒரு வண்டியின் வீல் ஸ்பேனர் தெருவில் நிற்கும் அத்தனை வண்டிகளுக்கும் சேரும். மஞ்சள் லைட் பெரும்பாலும் ஒற்றை போல்ட்டில் நிற்கிறது, பதினேழாம் நம்பர் ஸ்பேனர் கையில் இருந்தால் ஒரு லைட்டைக் கழற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. தோட்டச் சாமான் ஏற்றும் ஜீப் வைத்திருக்கும் என் உறவினர் ஒருவர் கடன் வாங்கிப் பொருத்திய வின்ச், நான்கே போல்ட்டில் நின்றது. அதுவும் அப்படியே போய்விட்டது. விலை கொடுத்து வாங்கும்போது அதை எப்படிப் பிடித்து நிறுத்துகிறோம் என்பதை நாங்கள் யோசிப்பதில்லை. கடைக்காரர் சாமானோடு கொடுக்கும் நட்டையே போட்டு முறுக்கிவிட்டு வந்துவிடுகிறோம்.

அந்த ஆடி மாதத்துக்குப் பிறகு பட்டறை மேஸ்திரியின் யோசனைப்படி என் வண்டியில் செய்துகொண்டவற்றை மற்ற உரிமையாளர்களுக்காகச் சொல்கிறேன். அடிக்கடி கழற்ற வேண்டியதற்கு ஒரு முறை, வருடக்கணக்கில் கழற்றவே தேவையில்லாததற்கு வேறு முறை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். லைட், வின்ச், மேல் கேரியர் ஆகியவை இரண்டாவது வகை. இவற்றுக்குத் தலை முறியும் நட்டு என்று ஒன்று கிடைக்கிறது. ஸ்பேனர் போட்டு முறுக்கிக்கொண்டே போனால் முழு இறுக்கம் வந்ததும் அதன் அறுகோணத் தலை தனியாக முறிந்து கையோடு வந்துவிடும், எஞ்சி நிற்பது வழுவழுப்பான ஒரு கூம்புதான். அதில் எந்த ஸ்பேனரும் பிடிக்காது, கிரைண்டரை வைத்து அறுத்தால்தான் உண்டு, நள்ளிரவில் கிரைண்டர் சத்தம் தெருவையே எழுப்பிவிடும். அது கிடைக்காத ஊரில், நட்டை இறுக்கிய பிறகு போல்ட் முனையோடு சேர்த்து ஒரே ஒரு வெல்டிங் பொட்டு வைத்தாலும் போதும். ஆனால் வெல்டிங் வைக்கும்போது பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்டியின் மின்சாதனங்கள் கெட்டுப்போகும். ஆலன் கீ போட்டுக் கழற்றும் போல்ட்டாக இருந்தால், அதன் குழிக்குள் சரியான அளவில் ஒரு பேரிங் குண்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி அடைத்துவிடலாம். மேஸ்திரி என் கண்ணெதிரே செய்து காட்டினார். குண்டு குழிக்குள் இறங்கி அசையாமல் உட்கார்ந்த பிறகு கீயின் நுனி உள்ளே நுழையவே இல்லை. பின்னால் கழற்ற வேண்டிவந்தால் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

ஸ்டெப்னிக்கு இவை எதுவும் ஆகாது. பனியில், மலைச்சரிவில், அவசரமாகக் கழற்ற வேண்டிய சாமான் அது. அதற்கு மூன்று நட்டுகளில் ஒன்றை மட்டும் சாவி நட்டாக மாற்றியிருக்கிறேன். அதன் தலையில் ஒரு தனி வடிவம் வெட்டியிருக்கும், அதற்கென்று தரும் சாவிச் சாக்கெட்டைப் போட்டால்தான் திரும்பும். அந்தச் சாவியை டூல்ஸ் பெட்டிக்குள் வைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. டூல்ஸ் பெட்டியைத்தான் திருடன் முதலில் திறக்கிறான். வண்டிச் சாவியோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கி வைத்து அந்த நட்டைத் திருகவும் விடக்கூடாது. அந்த வேகத்தில் சாவியின் பல் உடைந்துபோனால் நம் ஸ்டெப்னியை நாமே கழற்ற முடியாது. இதையும் ஒருமுறை பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பூட்டு எதுவாக இருந்தாலும் நேரம் கிடைத்தால் உடைக்கலாம். அதனால்தான் பொருளின் மீது எண் இருக்க வேண்டும் என்கிறேன். பிடிபட்டவனின் வீட்டில் ஐந்து ஸ்டெப்னி இருந்தாலும் அவற்றில் எது யாருடையது என்று நிரூபிக்க எங்களிடம் எதுவும் இல்லை. கறுப்பு டயர், கறுப்பு ரிம், எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். லேத் பட்டறைகளில் எண்ணும் எழுத்தும் பதிக்கும் பஞ்ச் செட் இருக்கிறது. வின்ச்சின் அடித்தட்டில், லைட்டின் இரும்புப் பாதத்தில், ஸ்டீல் ரிம்மின் நடுத்தட்டில் நட்டுத் துளைகளை விட்டு விலகி வண்டி எண்ணைப் பதித்துவிடலாம். தேய்த்து அழித்துவிட்டாலும், பஞ்ச் அடித்த இடத்தில் உலோகம் அடிவரை நசுங்கியிருப்பதால், அமிலம் தடவி அந்த எண்ணைத் திரும்பத் தெரியவைக்கும் முறை தடய அறிவியலில் உண்டு. டயரின் பக்கவாட்டில் உள்ள வரிசை எண்ணையும், வின்ச்சின் தகட்டில் உள்ள எண்ணையும், வாங்கிய ரசீதையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள ஐந்து நிமிடம்கூட ஆகாது. புகார் எழுதும்போது "டயர் ஒன்று" என்று எழுதுவதற்கும், எண்ணோடு எழுதுவதற்கும் எவ்வளவு வேறுபாடு என்பது காவலர்களுக்கே நன்றாகத் தெரியும்.

இந்தத் திருட்டின் வேர், வாங்குகிற கையில் இருக்கிறது. வின்ச்சைத் திருடியவன் அதை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வான்? ஒரு பழைய பொருள் கடையோ, ஒரு பட்டறையோ, செல்போனில் விலை பேசும் யாரோ ஒருவரோ எதுவும் கேட்காமல் வாங்கிக்கொள்வதால்தான் அது விலை போகிறது. பழைய இரும்பு வணிகர்கள், பழைய பொருள் விற்பவர்கள், வாகனப் பட்டறைகள், டிங்கர் கடைகள் ஆகியவற்றுக்கு உரிமம் வழங்கி ஒழுங்குபடுத்துவதற்கென்றே தமிழ்நாட்டில் 1985ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த வேரைப் பார்த்துச் சட்டம் எழுதியவர்களை நான் மதிக்கிறேன். நான் ஏறி இறங்கிய பழைய பொருள் கடைகளில் சுவரில் உரிமம் மாட்டியிருந்த கடை ஒன்றைக்கூடக் காணவில்லை. விற்க வருபவரின் பெயரையும் செல்போன் எண்ணையும் எழுதி, பொருளோடு அவரை நிறுத்தி ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் நேர்மையான கடைக்காரருக்கு நட்டம் எதுவுமில்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குபவருக்கு நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரையும், அதையே தொழிலாகக் கொண்டவருக்கு ஆயுள் வரையும் தண்டனை இருக்கிறது. எங்களில் சிலரும் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று ரசீது இல்லாமல் ரிம் வாங்குகிறோம். பக்கத்துத் தெருவில் ஒருவர் இழந்த ரிம்மாகவே அது இருக்கலாம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

புகார் கொடுக்கவே தயங்குபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டியின் முன்னால் மாட்டும் கனமான இரும்புக் கம்பித் தடுப்புகளைத் தடை செய்யுமாறு மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. தயாரிப்பு நிறுவனம் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. அந்தத் தடுப்பில் மோதும் பாதசாரிக்கு உயிரே போகும் என்பதால் தடை சரியானதே, என் வண்டியில் இருந்ததை நானும் கழற்றிவிட்டேன். ஆனால் அத்தகைய தடுப்பில் மாட்டியிருந்த வின்ச்சும் லைட்டும் திருடு போனபோது, புகார் கொடுத்தால் முதலில் தனக்கே அபராதம் விழும் என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். விதிமீறலுக்கு அபராதம் போடட்டும், திருட்டுக்கு வழக்கும் போடட்டும். முதலாவதைக் காட்டி இரண்டாவதைக் கைவிட்டால், விதிமீறிய வண்டிகளைத் தேடிப் பிடித்தே திருடுவார்கள்.

காப்பீட்டை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு சொல். வணிக வாகனப் பாலிசிகளில் விளக்கு, டயர், பம்பர் போன்றவற்றின் இழப்பு பொதுவாகச் சேராது. அவற்றையும் சேர்க்க ஐ.எம்.டி. 23 என்ற கூடுதல் பிரிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், அதிலும் நிபந்தனைகள் உண்டு. நாமே வாங்கிப் பொருத்திய மின்சாதனங்களை ஐ.எம்.டி. 24இன் கீழ் மதிப்போடு குறிப்பிட்டிருக்க வேண்டும். பிரீமியம் கட்டும் நாளிலேயே, டயர் மட்டும் அல்லது வின்ச் மட்டும் திருடு போனால் பணம் கிடைக்குமா என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

தேனி மாவட்டக் காவல்துறையிடம் நான் கேட்பது மூன்றே காரியங்கள். ஆளோ சரக்கோ ஏற்றும் வண்டியிலிருந்து பொருள் போனதாக வரும் புகார்களை, எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பாமல், உரிய பிரிவில் முதல் தகவல் அறிக்கையாகப் பதிவு செய்ய நிலையங்களுக்கு அறிவுறுத்த வேண்டும். போடி, தேவாரம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களில் உள்ள பழைய பொருள் கடைகளின் உரிமத்தையும் பதிவேட்டையும் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். மலைக்குப் போகும் வண்டிகளின் சாமான்களில் எண் பதிக்கும் முகாம் ஒன்றைக் காவல்துறையின் பெயரில் நடத்த வேண்டும். ஜீப் நிறுத்தத்தில் நாங்கள் சிலர் பணம் போட்டுப் பஞ்ச் செட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம், எண் பதித்துத் தர மேஸ்திரியும் சம்மதித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக்கு விடுமுறை என்பதால் வண்டிகள் எல்லாம் ஊரில்தான் நிற்கும். ஆர்.சி. புக்கைப் பார்த்து எண்களைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ள ஒரு காவலரை ஒரு ஞாயிறு காலை அனுப்பிவைத்தால் போதும், மற்ற ஏற்பாடுகளை நாங்களே செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
ஜீப் உரிமையாளர் ஒருவர்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.